சரிவில் மட்டும் தெரிந்த கோளாறு

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் கிளட்ச் இல்லாத வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் பல வருஷம் உழைத்துத் தேய்ந்து, ஏலத்தில் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்த பழைய இழுவை டிரக். ஒற்றை ஆள் உட்காரும் கேபின், பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொள்ளும் தட்டு, அவ்வளவுதான். வெளி ரோட்டுக்குப் போகாது. ட்ரெய்லர்களை யார்டுக்குள்ளேயே இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருக்கும். அதில் இருந்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பட்டனை அமுக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும், கியரை அதுவே மாற்றிக்கொள்ளும்.

அதை ஓட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். லாரியில் வெளியூர் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்த விபத்தில் இடது முழங்கால் நொறுங்கி, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். நடப்பார், மெதுவாகப் படி ஏறுவார். ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்கக் கிளட்ச் மிதிக்க அந்தக் காலால் முடியாது. அந்த வண்டி இருந்ததால்தான் அவருக்கு அங்கே வேலை இருந்தது. இது யார்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் நன்றாகத் தெரியும்.

நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ. மணிமங்கலத்திலிருந்து ஷிப்ட் பஸ்ஸில் வந்து போவேன். ஒர்க்‌ஷாப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் ஆரம்பத்தில் என்னிடம் சாவியைக் கொடுக்கவே யோசித்தார்கள். பிறகு பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

வண்டி ஒழுகுகிறது என்று என்னிடம் முதலில் சொன்னது டிரைவர் இல்லை, சிக்னல் போடுகிறவர். ட்ரெய்லர் பின்னால் வரும்போது கையைக் காட்டி, விசில் ஊதி வழி சொல்கிற வேலை அவருக்கு. பென்னலூர்க்காரர். பேச ஆரம்பித்தால் யாரையாவது கலாய்க்காமல் முடிக்க மாட்டார்.

"பாப்பா, அந்த வண்டி நிக்கிற எடத்துல மரத்தூள் கொட்டிக் கீது, பாத்தியா? தூளை நவுத்திப் பாரு. கீழ எல்லாம் செவப்பா கீது."

போய்க் காலால் தள்ளிப் பார்த்தேன். மரத்தூளுக்கு அடியில் சிமென்ட் தரை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவந்திருந்தது. டிரைவர் கேபினிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ரெண்டு சொட்டு, தங்கச்சி. பழைய வண்டில்லா. காலைல கொஞ்சம் ஊத்துதேன், சாயங்காலம் வரைக்கும் ஓடுது."

"எவ்ளோ நாளா ஊத்தறீங்கண்ணா?"

அவர் கேபின் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

சிவப்பு எண்ணெய் என்றதும் கியர்பாக்ஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த வண்டியில் ஸ்டியரிங்குக்கும் அதே எண்ணெய்தான். ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் நின்ற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். சில நாள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் கோட்டிலேயே நின்றது. ஆக, அது இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் கியர்பாக்ஸின் அளவுக் குச்சியை உருவினேன். நுனியில் மட்டும் எண்ணெய் ஒட்டியிருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்தேன். புது எண்ணெயாக இருந்தால் ரோஸ்மில்க் எசன்ஸ் போலப் பளிச்சென்று இருக்கும். இது புளி கரைத்த தண்ணீரின் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முகர்ந்தால் லேசான தீய்ந்த வாடை.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். வண்டி ஓடும்போது காற்று எண்ணெயை வாரி அடிப்பாகம் முழுக்கப் பூசிவிடும். அடியில் படுத்துப் பார்த்தால் எல்லா இடமும் ஒழுகுவது மாதிரியே இருக்கும். கன்டெய்னர் கழுவுகிற பம்பால் கியர்பாக்ஸைப் பீய்ச்சிக் கழுவி, காற்றுக் குழாயால் ஈரம் போக ஊதி, முகத்துக்குப் போடும் பவுடரை அது மேல் முழுக்கத் தூவினேன். அப்புறம் வண்டியைச் சூடேறும்வரை ஓட்டச் சொல்லி, அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே விரித்து அதன் மேல் நிறுத்தச் சொன்னேன். எண்ணெய் கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னா பாப்பா, வண்டிக்கு மேக்கப்பா? பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் சிக்னல்காரர். டிரைவர்கூடச் சிரித்துவிட்டார்.

முதலில் அகப்பட்டது, எண்ணெயைக் குளிரவைக்கக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் முனை. வெடித்திருந்தது. புதிது மாற்றினேன். அடுத்து, அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டில் கசிவை அடைக்கும் கேஸ்கெட். அதையும் மாற்றி, மறுபடி கழுவி, மறுபடி பவுடர் போட்டேன். மறுநாள் அட்டை காய்ந்தே இருந்தது. டிரைவர் அந்த அட்டையைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று மத்தியானம் அவரும் சிக்னல்காரரும் எப்போதும் போலக் கன்டெய்னர் நிழலில் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிக்னல்காரரின் வீட்டிலிருந்து வந்த வஞ்சிரம் மீன் துண்டு ஒன்றை என் டப்பாவில் வைத்தார் டிரைவர். "நீ என் வேலையக் காப்பாத்திட்ட தங்கச்சி" என்றார்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம் முடியும்வரைகூட நிற்கவில்லை. அட்டையில் திரும்பவும் ஒரு சிவப்பு வட்டம். இந்தமுறை அது விழுந்த இடம் வேறு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே வந்தால் அது உள்ளே, எண்ணெய் பம்ப்பின் வாயை அடைக்கும் ரப்பர் சீலிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸ் முழுவதையும் கீழே இறக்க வேண்டும். உள்ளே சுழலும் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கவும் வழியில்லை. ஆனால் ஓடும்போது ஒரு முனகல் கேட்டது. சீல் மட்டுமில்லை, அந்தத் தண்டைத் தாங்குகிற புஷ் என்ற உலோக வளையமும் தேய்ந்திருக்கிறது என்று புரிந்தது. புது சீல் போட்டாலும் தங்காது. அந்த வண்டிக்கு அவ்வளவு செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

டிரைவரிடம்தான் முதலில் சொன்னேன். வண்டியின் படியில் உட்கார்ந்து கெட்ட காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டார்.

"இத நீ ஆபீஸ்ல சொல்லணுமாக்கும்?"

"சொல்லித்தான் ஆவணும்ணா."

"வண்டிய நிப்பாட்டிட்டா நா எங்க போயி நிப்பேன்? வேற எவன் இந்தக் கால வச்சிக்கிட்டு வேல தருவான்? நா பாத்துப் பாத்து ஊத்திக்கிடுதேன். ஒரு சொட்டு கொறைய விடமாட்டேன். நீ பாக்காத மாரி போயிரு."

அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. எனக்குக் கோபமாக வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் பார்க்கவே அன்றைக்கே யார்டு இன்சார்ஜின் அறைக்குப் போனேன்.

இன்சார்ஜ் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இரண்டு போனில் மாறி மாறித் திட்டு வாங்கிக்கொண்டே எங்களோடு பேசுகிற மனிதர்.

"ஓடுதா ஓடலையா, அதச் சொல்லும்மா."

"சமதரைல ஓடும் சார். டாக் சரிவுல ஓடாது. மூக்கு மேல தூக்கினா உள்ள இருக்கற எண்ணெய் பின்பக்கம் போயிடும். ஏற்கனவே கொறச்சலா கீது. பம்ப் காத்தைத்தான் இழுக்கும். வண்டிக்கு இழுவையே இருக்காது."

எங்கள் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக் ஒரு பள்ளத்தின் முடிவில் இருந்தது. ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிச் சரிவில் இறக்கி, சுவரோடு ஒட்டி நிறுத்துவார்கள். வெளியே வரும்போது வண்டியின் மூக்கு மேலே பார்த்தபடி ஏறி வர வேண்டும்.

இன்சார்ஜ் கொஞ்சம் யோசித்தார். "வேற வண்டிக்குச் சொல்லிக்கினு இருக்கேன். வர்ற வரைக்கும் இதுவும் வேணும். இன்னா பண்ணலாம் சொல்லு."

"காலி ட்ரெய்லர் மட்டும் இழுக்கட்டும் சார். சமதரைல மட்டும். டாக் பக்கமே போவக் கூடாது."

"சரி. அப்படியே பண்ணிக்கலாம்" என்றார். டிரைவரையும் சிக்னல்காரரையும் கூப்பிட்டு, என் முன்னாலேயே அதைச் சொன்னார். வேலை போகவில்லை என்பதில் டிரைவரின் முகம் தெளிந்தது. ஆனாலும் கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் டீ வாங்கிக்கொண்டு வந்து, என் டூல் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம்வரை எல்லாம் அப்படியே நடந்தது. ஒழுகுவது மட்டும் கூடிக்கொண்டே போனது. இன்சார்ஜிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வருது, வருது என்றார். புது வண்டி வரவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் யார்டில் இருந்த இன்னொரு இழுவை வண்டியின், கிளட்ச் உள்ளதன், பிரேக் காற்றுக் குழாய் வெடித்து, அது வழியிலேயே நின்றுவிட்டது. யார்டின் வடக்கு மூலையில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் அடியில் படுத்திருந்தேன். டாக்கில் ஒரு கன்டெய்னர் நிறைய உதிரி பாகங்கள் ஏறி நின்றன. அதற்காக ஒரு தொழிற்சாலையில் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அங்கே உற்பத்தியே நின்றுவிடும் என்று இன்சார்ஜின் போனில் கத்தியிருக்கிறார்கள். அவர் குடையோடு டிரைவரிடம் போயிருக்கிறார். ஒரே ஒரு ட்ரிப், மேலே கொண்டுவந்து விட்டால் போதும் என்றிருக்கிறார். இதெல்லாம் டிரைவர் பிறகு சொன்னது. அப்போது பக்கத்தில் இருந்த இன்னொரு ஆள் சிக்னல்காரர் மட்டும்தான்.

டிரைவர் குச்சியை உருவிப் பார்த்திருக்கிறார். எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அதன் பிறகுதான் போயிருக்கிறார்.

கன்டெய்னரின் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. அதனால் ட்ரெய்லரை டாக் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து நிறுத்தி, இடைவெளியில் ஒருவர் புகுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். டிரைவர் இழுத்து நிறுத்தினார். அதுவரை வண்டி வந்தது. சிக்னல்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு விசில் ஊதினார். ஊதிய பிறகு தாழ்ப்பாளில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று பட்டிருக்க வேண்டும். அதை அழுத்தத் திரும்பியிருக்கிறார்.

அந்த வண்டியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே தானாக முன்னால் நகரப் பார்க்கும். சரிவில்கூடப் பின்னால் உருளாமல் தாங்கிப் பிடிக்கும். டிரைவரின் கால் அதற்குப் பழகியிருந்தது. விசில் கேட்டதும் பிரேக்கை விட்டார். பிடிக்க வேண்டிய கியர்பாக்ஸ் பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் மட்டும் அலறியது. முழு லோடோடு ட்ரெய்லர் பின்னால் போனது. பிரேக்கைத் திரும்ப மிதித்தார். காற்று பிரேக், அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேர ஒரு கணம் ஆகும். இருந்த இடைவெளிக்கு அந்தக் கணமே அதிகம்.

அந்த அலறல் எனக்கு வடக்கு மூலைவரை கேட்டது. இழுவை இல்லாமல் இன்ஜின் ஓடுகிற சத்தம். அது என்னவென்று தெரிந்துதான் ஓடினேன்.

ஃபோர்க்லிஃப்டில் சங்கிலி கட்டி ட்ரெய்லரை முன்னால் இழுத்தார்கள். நடுவில் நசுங்கி நின்ற சிக்னல்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வெளியே பெரிதாக ரத்தம் ஒன்றும் இல்லை. அதனால் அங்கிருந்தவர்கள் தப்பித்துவிட்டார் என்றே நினைத்தார்கள். அவர் தலை நனையாமல் என் ரெயின்கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு வர்ல பாப்பா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வூட்ல சொல்லாதீங்க. அது பயந்துடும்" என்றார்.

டிரைவர் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. மழையில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் இளஞ்சிவப்பாக எண்ணெய்ப் படலம் மிதந்தது.

ஆம்புலன்ஸ் சென்னை போய்ச் சேர்வதற்குள் சிக்னல்காரர் இறந்துவிட்டார்.

விசாரணைக்காக வண்டியைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். மழை விட்டிருந்தது. வண்டியை மேலே சமதரைக்கு இழுத்து வைத்திருந்தார்கள். பிரேக்கைச் சோதித்தார், சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்து ஓட்டினார். முன்னால் போனது, பின்னால் வந்தது. சாதாரணமாக ஓடியது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், "வண்டியில குறை எதுவும் தெரியல" என்றார்.

அதோடு முடிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. வண்டியில் குறை இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஓட்டியவர்தான்.

"சார், கொஞ்ச நேரம் ஓடி சூடாவட்டும். அப்புறம் சரிவுல நிறுத்திப் பாருங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

சொன்னேன். பவுடர் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இன்சார்ஜ், "நேரம் ஆவுது சார்" என்றார். அதிகாரி அவரைப் பார்க்காமல், "சூடு பண்ணுங்க" என்றார்.

காலி ட்ரெய்லரை மாட்டி, ஆட்களைத் தூர விலக்கி, சக்கரங்களுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு மரக்கட்டைகளைப் போட்டு, சரிவில் மூக்கு மேலாக நிறுத்தினோம். அதிகாரியே கேபினில் ஏறினார். பிரேக்கை விட்டார். முதலில் வண்டி தாங்கி நின்றது. மறுபடி விட்டார். அப்போதும் நின்றது. மூன்றாவது தடவை இன்ஜின் அதே சத்தத்தில் அலற, வண்டி தளர்ந்து பின்னால் உருண்டு கட்டைகளில் மோதி நின்றது.

அதிகாரி இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா" என்றார்.

அதனால் டிரைவர் தப்பித்துவிடுவார் என்று நம்பினேன். அப்படி ஆகவில்லை. வண்டியில் கோளாறு என்று உறுதியானதும் இன்சார்ஜ் வேறொன்று சொன்னார். "காலி ட்ரெய்லர் மட்டும் இழுக்கணும், டாக் பக்கம் போகக் கூடாதுன்னு அவருக்கு முன்னாடியே சொல்லியிருந்தேன். அந்தப் பொண்ணைக் கேளுங்க."

என்னைக் கேட்டார்கள். அப்படிச் சொன்னது உண்மையா? உண்மை. டிரைவருக்குத் தெரியுமா? தெரியும். அவரைக் காப்பாற்ற நான் கேட்டு வாங்கிய நிபந்தனை, என் வாயாலேயே அவர் மேல் விழுந்தது. அன்றைக்கு இன்சார்ஜே போகச் சொன்னார் என்று டிரைவர் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா என்றார்கள். கேட்கவில்லை. நான் வடக்கு மூலையில் இருந்தேன். கேட்ட ஒரே ஆள் உயிரோடு இல்லை.

டிரைவரும் தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் செய்யவில்லை. "ஒழுகுது தெரியும். ஊத்தி ஊத்தித்தான் ஓட்டுனேன்" என்று போலீஸிடம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரொம்ப நாளா அப்படித்தான்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கேஸ் இன்னும் நடக்கிறது. அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். வாய்தாவுக்கு ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவார். ஒருமுறை நானும் சாட்சியாகப் போயிருந்தேன். மெலிந்திருந்தார். "கால் எப்படி கீதுண்ணா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "அது கெடக்கு தங்கச்சி" என்றார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றார். இன்சார்ஜை வேறு யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கேஸ் முடியும்வரை அந்த வண்டியை விற்கவோ உடைக்கவோ கூடாது. பின்பக்க வேலியோரம் நிற்கிறது. டயர்களைச் சுற்றிப் புல் ஏறிவிட்டது.

சிக்னல்காரரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் அவர் மனைவிக்கு எங்கள் யார்டு ஆபீஸிலேயே கூட்டித் துடைக்கிற வேலை போட்டுக்கொடுத்தார். இரக்கத்தில்தான் கொடுத்திருப்பார். தினமும் இந்தக் கேட்டுக்குள் எப்படி வருகிறார் என்று எனக்கு இருக்கும். பார்த்தால் தலையசைப்பார், பேச மாட்டார். பல மாதம் கழித்து ஒரு நாள், ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாக்கா?"

"அந்த எடத்தைக் காட்டறியாம்மா? யாரும் காட்ட மாட்டேங்கறாங்க. எனக்கும் கேக்க ஒரு மாரியா கீது."

கூட்டிக்கொண்டு போனேன். சரிவில் இறங்கும்போது புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். டாக் சுவரில் ரப்பர் பட்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். இதுதான் என்றேன். சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, ட்ரெய்லர் எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்டார். நான் நடந்து போய் அந்த இடத்தில் நின்று காட்டினேன். எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்க்கா."

அவர் அழவில்லை. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேலே ஒரு ட்ரெய்லர் வந்து நின்று, சரிவில் இறங்க வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தது. அதன் டிரைவருக்கு எங்களைத் தெரியாது. மறுபடியும் அடித்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கி மேலே ஏறினோம்.